மிச்சமிருந்த நான்கு வினாடி

அந்தத் துணி வெள்ளையா, இளமஞ்சளா என்று இப்போது கேட்டால் பிலோமினாவால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. எழுத்துகள் கறுப்பு என்று நினைவு, நீலமாகக்கூட இருந்திருக்கலாம். வாசலில் யார் யார் நின்றார்கள், மாதா கோயிலில் மணி மூன்று அடித்திருந்ததா இல்லையா, தன் காலில் செருப்பு இருந்ததா என்பதெல்லாம் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் கொஞ்சம் மாறித்தான் வருகிறது. அது அவளுக்கே தெரியும். ஆனால் துணியின் ஒரு முனையைக் கிளாட்வின் பிடித்திருந்தான், மறு முனையை அவள் பிடித்து இழுத்தாள், ‘தங்கைக்காக’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அது கிழிந்தது. இது மட்டும் ஒருபோதும் மாறியதில்லை.

கிழிந்த சத்தத்தில், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஹார்பர் ஆட்கள் எழுந்துவிட்டார்கள்.

“யக்கா, என்னக்கா இது!” என்றான் கிளாட்வின். துறைமுகத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் அவன். கையில் மிஞ்சியிருந்த பாதித் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். “பெயிண்டரப் பிடிச்சு உக்கார வச்சு எழுதி வாங்கினோம்.”

“யாரு கேட்டா?”

“ஊரு பூராத் தெரிஞ்ச விசயம்தானக்கா.”

“நான் அவனுக்கு ரெண்டு வயசு மூத்தவ. தங்கச்சி எவலே?”

‘தங்கைக்காகத் தோற்ற மாவீரன் ரோச்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, சவப்பெட்டிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான்கு மணிக்குச் சாமியார் வந்துவிடுவார்.

“இத முன்னால பிடிச்சா பெட்டி இந்த வாசலத் தாண்டாது. சாமியாரு வரட்டும், யாரு வேணா வரட்டும். நான் இங்கனதான் இருப்பேன்” என்று பிலோமினா ஒரு நாற்காலியை இழுத்து, நிலைப்படிக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால், கூடத்தில், பெட்டிக்குள் ரோச் கிடந்தான். முந்தைய நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. நாற்பத்தொன்பது வயது. இரண்டு முறை உடைந்து ஒட்டிய மூக்கு, படுத்திருக்கும்போது இன்னும் கோணலாகத் தெரிந்தது. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவள்தான் போட்டிருந்தாள். அது அவளுக்குப் பழகிய வேலை. எவ்வளவு நாளாகப் பழகியது என்பது அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

குத்து ரோச் என்றால்தான் ஊரில் தெரியும். பதினாறு வயதில் சங்கு குளிக்கப் போனவன். எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பதடி ஆழத்தில் மூச்சை அடக்கிப் பழகிய நெஞ்சு. தோணியில் சரக்கேற்றிக் கொழும்புக்குப் போனவன், அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டக் கற்றுக்கொண்டு திரும்பினான். முதலில் கப்பல் மாலுமிகளோடு மோதினான். பிறகு மதராசுக்குப் போனான். 1950-இல் சாம்பியன். ஆறு வருஷம் அதை அவனிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. ஐந்தாவது ரவுண்டில் மற்றவர்கள் வாயைப் பிளக்கும்போது ரோச் மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்பான். 1956-இல், சொந்த ஊரில், துறைமுகத்தை ஒட்டிய மைதானத்தில், இரண்டாயிரம் பேருக்கு முன்னால், பெரம்பூர் ரயில்வே விக்டர் அவனை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார்.

நடந்தது அவ்வளவுதான். ஐந்து வருஷம் கழித்துத் தொடர்கதை வந்தது.

சாயர்புரத்தில் ஆசிரியராக இருந்த பொன்னுதுரை ஒரு வார இதழில் அதை எழுதினார். நாற்பத்தொரு வாரம் வந்தது. கதையில் அவன் பெயர் மாறன். சங்கு குளிப்பவன், சாம்பியன், தகப்பன் இல்லாதவன். தங்கையின் கல்யாணத்துக்காக எதிராளியின் முதலாளியிடம் கைநீட்டிவிட்டு, கடைசிச் சண்டையில் ஒரே அடிக்கு விழுவான். விழும்போது தங்கையைப் பார்த்துச் சிரிப்பான். அந்த இதழ் வந்த அன்று ரயிலடிக் கடையில் புத்தகக் கட்டைப் பிரிப்பதற்குள் தீர்ந்துபோனது என்றார்கள். பெண்கள் அழுதார்கள். அதற்குப் பிறகு தமிழில் எந்தப் பத்திரிகை குத்துச்சண்டைக் கதை போட்டாலும் அதில் ஒரு கடைசிச் சண்டை, ஒரு கறுப்புக் கோட்டு முதலாளி, ஒரு தங்கை. ஒரு தொடரில் தங்கைக்குக் கண் தெரியாது. இன்னொன்றில் காசநோய். பிலோமினா எல்லாவற்றையும் வாங்கிப் படித்தாள், நல்ல கண்ணோடும் நல்ல நெஞ்சோடும்.

ஊருக்கு அந்தக் கதை மருந்தாக இருந்தது. சொந்த மைதானத்தில் தங்கள் ஆள் அடி வாங்கி விழுந்ததை ஊரால் தாங்க முடிந்திருக்கவில்லை. தொடர் முடிந்த ஒரே வருஷத்தில், அன்று மைதானத்தில் இருந்த இரண்டாயிரம் பேரும் ரோச் ஒரே அடியில் சிரித்துக்கொண்டே விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களாகிவிட்டார்கள். பிலோமினா ஒருத்தி. இரண்டாயிரம் பேருக்கு எதிராக ஒருத்தி எவ்வளவு காலம் தன் நினைவை நம்பிக்கொண்டு இருக்க முடியும்? சில நாட்களில், டெலிபோன் நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்கே திடுக்கென்று தோன்றும். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ? அவன் எங்காவது பணம் வாங்கி, எங்காவது கொடுத்து, தனக்குத் தெரியாமல் ஏதாவது இருந்திருக்குமோ? அந்த எண்ணம் வந்த நாட்களில் அவள் யாரோடும் பேசமாட்டாள்.

ரோச் முதலில் சிரித்தான். “யக்கா, என்னைய நல்லவனாக்கிப் போட்டானுவ பாத்தியா?” என்றான். பிறகு டீக்கடையில் யாராவது கேட்டால் மறுக்காமல் இருந்தான். பிறகு தலையாட்டினான். பிறகு அவனே சொல்ல ஆரம்பித்தான்.

மூன்றேகால் மணி இருக்கும், தெருமுனையில் ஒரு கார் வந்து நின்றது. பொன்னுதுரை இறங்கினார். எழுபதை நெருங்கிய உடம்பு, வெள்ளை ஜிப்பா, கையில் ரோஜா மாலை. அவருக்காகப் பிலோமினா நாற்காலியை நகர்த்தி வழி விட்டாள். அவர் உள்ளே போய் மாலையைப் பெட்டியின் மேல் வைத்து, ரோச்சின் முகத்தைப் பார்த்து உண்மையாகவே அழுதார். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பொய்யாக அழுதிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

வெளியே வந்து ஜிப்பாவுக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்தார். கிளாட்வின் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் கிழிந்த துணியைப் பார்த்தார்.

“அம்மா, நான் பொன்னுதுரை.”

“தெரியும். நாப்பத்தோரு வாரமும் படிச்சேன்.”

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “கல்லறைத் தோட்டத்துல ரெண்டு வார்த்தை பேசலாம்னு வந்தேன்.”

“எதப் பத்தி?”

“அவரோட தியாகத்தப் பத்தி.”

“அவன் ஒரு தியாகமும் பண்ணல. தோத்தான்.”

“அது எனக்குத் தெரியாதாம்மா? வெறும் தோல்வியா இருந்தத நான்தான…” கையால் ஏதோ ஒன்றைத் தூக்கி நிறுத்துவதுபோலக் காட்டினார். “வெறுமன தோத்தவன யாரும்மா படிப்பா?”

“நான் படிச்சிருப்பேன்.”

காற்றில் எங்கிருந்தோ கருவாட்டு வாடை வந்து, ஊதுவத்தி வாடையோடு கலந்து நின்றது.

“எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கத் தோத்தான்னு எழுதினீங்க. எனக்கு இப்ப அம்பத்தோரு வயசு, சார். மாப்பிள்ள எங்க?”

பொன்னுதுரை குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். “கதையில ஆச்சேம்மா” என்றார்.

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

அப்போதுதான் தெருவில் கூச்சல் கேட்டது.

“ஏலே, அவன்தாம்ல! பெரம்பூர்க்காரன்!”

“எந்த மொதலாளி அனுப்பினான்வே உம்ம?”

“துட்டு குடுத்து ஜெயிச்ச மூஞ்சிய இங்கன காட்டாதியும். வந்த வழியே போயிரும்.”

ஏழெட்டுப் பேர் வழியை மறித்து நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு நரைத்த தலை தெரிந்தது. பிலோமினா எழுந்து நின்று பார்த்தாள். இடது காது வாடிய வெற்றிலைபோல் சுருண்டிருந்தது. தோளில் ஒரு துணிப்பை. கைகளைத் தொங்கவிட்டபடி, ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதற்குக்கூடக் கையைத் தூக்காமல் அவர் நின்றார். தூக்கியிருந்தால் தள்ளியவன் தெருவைத் தாண்டி விழுந்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் நடந்து போனாள். “கைய எடு.”

“யக்கா, இவரு யாருன்னு தெரியாம…”

“ஒனக்கு முன்னாலயே தெரியும். எடுலே.”

வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில், தண்ணீர் பீப்பாய்கள் வைத்திருந்த சந்துக்குள் அவரைக் கூட்டிப்போனாள். மதுரையில் மகள் வீட்டில் இருந்ததாகவும், காலையில் பேப்பரில் பார்த்துப் பஸ் ஏறியதாகவும் விக்டர் சொன்னார். அன்று அந்த மேடையில் ரோச்சோடு மோதியவர் இவர்தான். கேட்டுவிட வேண்டிய கேள்வி பதினெட்டு வருஷமாக அவளிடம் இருந்தது. கேட்டால், இவர் வேறு பதில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

“நீங்கதான அன்னிக்கு மணி அடிச்சவங்க?” என்றார் விக்டர்.

“ஆமா.”

“நான் ஒண்ணு கேக்கணும்மா. அவரு உசுரோட இருக்கும்போதே வந்து கேட்டிருக்கணும். தைரியம் வரல.” அவர் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நான் மெய்யாலுமே ஜெயிச்சனா?”

தன் கேள்வியையே இன்னொருவர் வாயிலிருந்து பிலோமினா கேட்டாள்.

“எங்கிட்ட யாரும் ஒண்ணும் பேசல. அத நான் என் பசங்க மேல சத்தியம் பண்ணுவேன். ஆனா எனக்குத் தெரியாம பேசியிருக்கலாம் இல்ல? அந்தக் கதை வந்ததும் ஒர்க்ஷாப்புல எல்லாரும் ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சாங்க. என் பையன் ஸ்கூல்லேர்ந்து அழுதுகினே வந்தான். ஜெயிச்ச கப்பத் தூக்கி டிரங்குப் பொட்டில போட்டுட்டேன். சரி, கதைதானன்னு இருந்திருப்பேன். ஒண்ணு மட்டும் இடிச்சிக்கினே இருந்தது.” அவர் அவளை நேராகப் பார்த்தார். “மூணாவது வாட்டி அவரு விழுந்தப்போ உங்க கை சுத்தியல் மேல இருந்தது. நான் மூலையில நின்னு பாத்தேன். நீங்க அடிச்சிருந்தா அவரு தப்பிச்சிருப்பாரு. நீங்க அவரோட அக்கா. அடிக்கல. வீட்டோட பேசி வச்சதாலதான் அடிக்கலியோன்னு…”

அன்று சண்டைக்கு நேரம் பார்க்க வேண்டியவர் வரவில்லை. “டிரங்கு கால்ல தெனமும் மூணு நிமிசம் மூணு நிமிசமா எண்ணுதவ என் அக்கா இருக்கா. அவளவிட எவனுக்குத் தெரியும்?” என்று ரோச்தான் சொன்னான். விக்டரின் ஆட்களும் ஒப்புக்கொண்டார்கள். பிலோமினா மேடையோரம் ஒரு மேசையின் முன்னால் கைக்கடிகாரத்தையும் மணியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழாவது ரவுண்டில் ரோச் முதலில் விழுந்தபோது ஆறு எண்ணுவதற்குள் எழுந்தான். இரண்டாவது முறை ஒன்பதில் எழுந்தான். மூன்றாவது முறை விழுந்தபோது, மூன்று நிமிட ரவுண்டில், கடிகாரத்தில் இரண்டு நிமிடம் நாற்பத்தாறு வினாடி. எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்தால் எண்ணிக்கை அறுந்துவிடும். மூலைக்குப் போய்த் தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, இன்னொரு ரவுண்டுக்கு வந்துவிடலாம். ரோச் ஒரு முழங்காலை ஊன்றி எழப் பார்த்தான். முடியவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான். மைதானம் முழுக்க “மணியடி, மணியடி” என்று கத்தியது. ரெஃப்ரி பத்து சொன்னபோது நான்கு வினாடி மிச்சம் இருந்தது. அவள் கை அசையவில்லை. நான்கு வினாடி கழித்து, யாருக்கும் தேவையில்லாத அந்த மணியை அடித்தாள்.

அந்தப் பார்வை என்ன கேட்டது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ரோச்சும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம், ஒரே பானைச் சோறு, அந்த நான்கு வினாடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. தன் தம்பியை அவள் நேர்மையாகத் தோற்க விட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான். அதையே சாட்சியாக வைத்து இந்த மனிதர் இத்தனை வருஷம் தன் வெற்றியையே சந்தேகப்பட்டிருக்கிறார்.

“நேரம் ஆகல” என்றாள் பிலோமினா. “நாலு செகண்டு பாக்கி. அதனால அடிக்கல.”

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான். தோக்கணும்னு வந்தவன்னா மொத அடிலயே படுத்திருப்பான். ஆறுல எந்திரிச்சான். ஒம்பதுல எந்திரிச்சான். எதுக்கு? இன்னும் ரெண்டு வாங்கிக்கிடவா? ஒங்கள அடிக்கத்தான் எந்திரிச்சான். முடியல. அன்னைக்கு நீங்கதான் கெட்டிக்காரரு. எந்தம்பி அவன்கிட்ட இருந்தது எல்லாத்தையும் குடுத்துப் பாத்துட்டுத்தான் தோத்தான்.”

விக்டர் துணிப்பையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “அவருக்குக் குத்தின வலது கை தடுக்கறதுக்குக் கொஞ்சம் லேட்டா திரும்பும். அதான்” என்றார்.

“தெரியும். நாங்க எவ்வளவோ சொன்னோம். கேக்கமாட்டான்.”

இருவரும் சந்திலிருந்து வெளியே வந்தபோது சாமியார் வந்திருந்தார். குருசு பிடிக்கிறவர் அவருக்கு முன்னால் வெயிலில் நின்றார். வாசல் முழுக்க ஆட்கள்.

“பெட்டிய எடுக்கலாம்” என்றாள் பிலோமினா. “தலமாட்டுல வலது பக்கம் இவரு தூக்குவாரு.”

யாரும் நகரவில்லை. கிளாட்வின் முன்னால் வந்தான். கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. “அக்கா, நாங்க கதையப் படிச்சிட்டுப் பேசல. அவரே எங்கிட்டச் சொல்லியிருக்காரு. ஹார்பர் கேட்டுல காவலுக்கு இருக்கும்போது நூறு தடவ சொல்லியிருக்காரு. செத்தவரு வாக்கப் பொய்யாக்கச் சொல்லுதியளா?”

இதற்குப் பதில் அவளிடம் இருந்தது. அதைச் சொன்னால், இரண்டு வருஷமாகச் சேலைத் தலைப்பால் மூடி வைத்திருந்ததைத் தெருவில் விரிக்க வேண்டும். ரோச் எதற்கு வெட்கப்பட்டானோ இல்லையோ, இதற்கு வெட்கப்பட்டிருப்பான். நினைவு இருந்தவரைக்கும் வெட்கப்பட்டான். அவள் கூடத்தின் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“கிளாட்வின், கேட்டுக்கு நான் சோறு கொண்டுவந்தா அவன் என்னைய என்னன்னு கூப்பிடுவான்?”

“என்னக்கா?”

“சொல்லுலே.”

“தங்கச்சின்னுதான். தங்கச்சி சோறு கொண்டாந்துட்டான்னு சொல்லுவாரு. பாசத்துல…”

“நான் அவனுக்கு யாரு?”

“அக்கா…” என்றான் கிளாட்வின். அவன் கண்கள் மெல்ல மெல்ல மாறுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ரெண்டு வருசமா அவனுக்குத் தலையில ஒண்ணும் நிக்கல” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “வாங்கின அடி பூராச் சேந்து வேலையக் காட்டிட்டு. சட்டப் பொத்தான் நான்தான் போட்டு விட்டேன். காலையில கேட்டு வரைக்கும் நான்தான் கூட்டிட்டு வந்து விட்டேன், தனியா விட்டா வழி தெரியாது. அவனுக்கு அவன் கத மறந்து போச்சு. சாரு எழுதின கததான் மிச்சம் இருந்திச்சு. அதச் சொன்னான்.”

பொன்னுதுரை கையிலிருந்த தாள்களைக் கீழே இறக்கினார்.

அவள் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. முந்தைய நாள் காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், ரோச் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி, ஒன்ன நல்ல எடத்துல குடுத்துட்டேன்லா?” என்று கேட்டான். “குடுத்துட்டே” என்றாள். “சந்தோசமா இருக்கியா?” என்றான். “இருக்கேன்” என்றாள். அது ஊருக்கான பேச்சில்லை.

“அவன் தோத்தான்” என்றாள் மறுபடியும். “நம்ம ஊரு மைதானத்துலதான் தோத்தான். மூணு தடவ விழுந்து, ரெண்டு தடவ எந்திரிச்சான். அவன அப்படியே எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. இல்லன்னா நானும் இவருமே இழுத்துட்டுப் போறோம்.”

சாமியார் ஜெபப் புத்தகத்தை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மூட்டை தூக்கும் அய்யாக்குட்டி, எல்லோரிலும் வயதானவர். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ரெண்டு தடவ எந்திரிச்சாருதான். நானும் பாத்தேன். அழுதுக்கிட்டேதான் வீட்டுக்குப் போனேன். பொறவு எப்படி மறந்தேன்னு தெரியல.”

கிளாட்வின் தோளிலிருந்த துண்டை எடுத்தான். அதை நான்காக மடித்தான். விக்டரிடம் போய், அவர் முகத்தைப் பார்க்காமல், அவருடைய வலது தோளில் வைத்து அழுத்திவிட்டான். “மரம் குத்தும், அண்ணாச்சி” என்றான்.

பெட்டியைத் தூக்கினார்கள். பொன்னுதுரை அவள் பக்கத்தில் வந்து நின்றார். தாள்களை மடித்து ஜிப்பாவுக்குள் வைத்திருந்தார். “அம்மா, இத நான் எழுதணும்.”

“எழுதுங்க. என்னைய அக்கான்னு எழுதுங்க.”

விக்டர் மற்றவர்களைவிட ஒரு சாண் உயரம். அவர் நிமிர்ந்தால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தெருமுனை வருவதற்குள் அதைத் தெரிந்துகொண்டு, முழங்காலை மடக்கி, தோளைத் தாழ்த்தி, முகவாயை நெஞ்சோடு சேர்த்து நடக்க ஆரம்பித்தார். கோயில் வரைக்கும், கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் அப்படியே நடந்தார். நடுவில் இரண்டு பேர் மாற்றிக்கொள்ள வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. கல்லறையில் யாரும் பேசவில்லை; சாமியார் ஜெபித்தார், மண் போட்டார்கள், கடல்காற்றில் பெண்களின் முக்காடுகள் படபடத்தன.

இது 1974-இல். விக்டர் அன்று சாயங்காலப் பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பினார். பெரம்பூரில் கப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்ததாக ஒரு கடிதம் எழுதினார், 1983-இல் இறந்தார். கிளாட்வின் இரண்டு முறை சங்கத் தலைவரானான். பொன்னுதுரை அந்தக் கதையை எழுதி முடித்தார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. அச்சில் வராமலே காலமானார். அய்யாக்குட்டி அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். குத்துச்சண்டைத் தொடர்களில் வீரர்கள் இன்னமும் தங்கைகளுக்காகத் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். பிலோமினா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் புன்னைக்காயலில் சித்தி மகள் வீட்டோடு இருக்கிறாள். கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே ‘சாம்பியன் 1950–1956’ என்று வெட்டச் சொன்னாள். முடிந்த வருஷத்தைப் போடாமல் விட்டுவிடலாமே, பார்க்க நன்றாக இருக்கும் என்று கல் கொத்துகிறவர் சொன்னார். அதையும் அதே ஆழத்துக்கு வெட்டச் சொல்லி, வெட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.